"விருதா" என்ற சொல்லும் வீட்டு வேலையும்

காலைல கழுவி வைத்த பாத்திரம் ராத்திரிக்குள்ள மறுபடி அழுக்கு. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு உடம்பு துடைத்து உடை மாற்றிவிட்டால், மூணு மணி நேரத்தில் திரும்பவும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த வேலைகளில் மிஞ்சுவது என்ன? "கடவுள் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்" என்று ஆறுதல் சொல்வோம். புதிய ஏற்பாடு அதற்கும் மேலே ஒன்றைச் சொல்கிறது.

1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 58 வசனங்கள், பேச்சு முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றி. மரித்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று கொரிந்து சபையில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்து எழவில்லை என்றால் நம் பிரசங்கமும் வீண், விசுவாசமும் வீண் என்று 14-ஆம் வசனத்தில் பவுல் வாதாடுகிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல் 'கெனோஸ்'. உள்ளே ஒன்றும் இல்லாதது, வெறுமை என்று பொருள். நமது பழைய மொழிபெயர்ப்பில் "விருதா".

கடைசி வசனத்தில் அதே சொல் திரும்ப வருகிறது. இவ்வளவு பெரிய வாதத்தின் முடிவில் பவுல் வந்து நிற்கும் இடம் உழைப்பு: கர்த்தருக்குள் படும் பாடு விருதா ஆகாது. உடல் மண்ணோடு முடிந்துபோகும் என்றால், உடலால் செய்த வேலையும் அதோடு சரி. அந்த உடலையே கடவுள் எழுப்பப் போகிறார் என்றால் கணக்கே மாறிவிடுகிறது.

"அது ஊழியக்காரங்களுக்குச் சொன்னதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பவுலின் மனதில் முதலில் சபைப் பணி இருந்திருக்கலாம். ஆனால் கொலோசெயர் 3-இல் வீட்டு அடிமைகளிடமும், செய்வது எதுவானாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள், அவரிடமிருந்து சுதந்தரம் பெறுவீர்கள் என்கிறார். சுதந்தரம் என்றால் வாரிசுப் பங்கு. ரோமச் சட்டத்தில் அடிமை தனக்கென்று வாரிசுச் சொத்து பெற முடியாது. அப்போஸ்தலர் 9-இல் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த துணிகள்.

இதையே சாக்காக வைத்து ஒருத்தர் தலையில் எல்லா வேலையையும் கட்டிவிடக் கூடாது. அடிமைகளிடம் பேசிய கையோடு, கொலோசெயர் 4:1-இல் எஜமான்களைப் பார்த்து, நீதியாக நடந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார் என்கிறார் பவுல்.

கழுவிய பாத்திரம் நித்தியத்தில் என்னவாகும் என்று அவர் விளக்கவில்லை. ஆனால் இந்த அதிகாரத்தை நம்புகிறவருக்கு ஒன்று தெளிவு. இன்னைக்கு மூணாவது தடவையாகத் துடைத்துவிடும் அந்த வயதான உடம்பு, தூக்கி எறியப்படப் போகும் பொருள் அல்ல. கடவுள் எழுப்பப் போகும் உடம்பு அது.