இருபதாம் நம்பர் வாசல்

ஓசூர் சிப்காட்டில் லேத், மில்லிங், பவுடர் கோட்டிங் என்று சின்ன யூனிட் நடத்துகிறவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று கரண்ட். இன்னொன்று ஈ-மெயில். பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டர் ஸ்பாம் ஃபோல்டரில் போய்ப் படுத்துக்கொள்ளும். 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி பணத்தை இதில் போடவும்' என்கிற போலிக் கடிதம் மட்டும் ஜம்மென்று இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும்!

மெயில் சர்வர் பார்த்துக்கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. போகிற இடமெல்லாம் ஒரே புலம்பல். "காசு கொட்டி ஃபில்டர் போட்டாச்சு சார், அப்பவும் குப்பை வருதே!"

வரும். ஃபில்டர் பாவம், அதன்மேல் தப்பில்லை. கோளாறு டி.என்.எஸ்.ஸில்.

உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று டி.என்.எஸ்.ஸில் எழுதிவைப்பதற்கு எம்.எக்ஸ். ரெக்கார்ட் என்று பெயர். பக்கத்திலேயே ஒரு எண். சின்ன எண் முதல் வாசல். அது திறக்காவிட்டால்தான் அடுத்தது. நம் ஆட்கள் ஃபில்டரை 10 என்று போட்டுவிட்டு, 'எதுக்கும் இருக்கட்டுமே' என்று பழைய சர்வரை 20-ல் விட்டுவைக்கிறார்கள். ஒழுங்கான மெயில் 10-க்கு வரும். ஸ்பாம்காரன் நேரே 20-க்குப் போவான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தவிர்க்க நினைக்கிற லாரி பாகலூர் ரோட்டில் திரும்புவது மாதிரி.

20-ஐ அழியுங்கள். அதுவும் போதாது, பழைய சர்வரின் ஐ.பி. எண் அவன் டைரியில் என்றைக்கோ ஏறியிருக்கும். ஆகவே 25-ஆம் போர்ட்டில் ஃபில்டரைத் தவிர யாரையும் விடாதே என்று ஃபயர்வாலுக்குச் சொல்லவேண்டும். முதல் நாளே டி.டி.எல்.லை 300 விநாடிக்குக் குறைத்துவிட்டால், மாற்றம் சீக்கிரம் ஊரெல்லாம் தெரியும்.

அடுத்து எஸ்.பி.எஃப். 'எங்கள் பெயரில் இந்த சர்வர்கள்தான் மெயில் அனுப்பும்' என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. பில்லிங் சாஃப்ட்வேர் விற்றவர் தன் பங்குக்கு இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போவார். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது! உங்கள் கொட்டேஷன் ஸ்பாமில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு விஷயம்: ஃபில்டர் வந்தபிறகு எல்லா மெயிலும் ஃபில்டரின் ஐ.பி.யிலிருந்தே உள்ளே வரும். உள் சர்வரும் எஸ்.பி.எஃப். பார்த்தால் நல்லவனையும் திருடன் என்று சொல்லும். அங்கே அதை நிறுத்திவிடுங்கள்.

டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின் மேல் வைக்கிற அரக்கு முத்திரை. போலி வந்தால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, தினம் 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது. நமக்கு அவ்வளவு போகாதுதான். ஆனாலும் முதலில் 'நோன்' என்று வைத்து ரிப்போர்ட் பார்த்து, பிறகு 'ரிஜெக்ட்' வரை போவது நல்லது.

1978 மே மாதம் கேரி தூர்க் என்ற விற்பனைக்காரர், கம்ப்யூட்டர் விற்க ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மனிதர் பெயரையாவது மறைக்கவில்லை!

இன்றைக்குத் திருடன் 'எல்' இருக்கும் இடத்தில் '1' போட்டு சொந்தமாக டொமைனே வாங்குகிறான். அவன் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் பக்கா. எந்த ஃபில்டரும் ஏமாறலாம். பேங்க் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அதிலுள்ள நம்பருக்கு அல்ல, பழைய பில்லில் உள்ள நம்பருக்குப் போன் போடுங்கள். பணம் போயேவிட்டதா? உடனே 1930.