ஒரே தட்டில் ஒன்பது வேலை!

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய், டேலியில் கணக்கு எழுதும் ஆசாமி ஒருவரைப் பின்னால் நின்று வேடிக்கை பாருங்கள். மவுஸ் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. அது மேஜை ஓரத்தில் டீ டம்ளருக்குத் துணையாகத் தேமே என்று கிடக்கும். எஃப்8 தட்டினால் விற்பனை. எஃப்9 கொள்முதல். எஃப்5 பட்டுவாடா. வாய் பக்கத்து ஸீட்டுக்காரரோடு கிரிக்கெட் பேசும். விரல் பாட்டுக்கு வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்.

அதே மனிதர் மெயில் பார்க்க உட்காரட்டும். மவுஸைத் தேடி எடுப்பார். கடிதத்தை க்ளிக் செய்வார். மெனுவைத் திறப்பார். பட்டியலை உருட்டுவார். குறி தவறிப் பக்கத்து ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதைத் தேட அரைமணி நேரம் செலவழிப்பார்.

நானும் பி.காம்.தான். இந்த அவஸ்தையைக் கம்ப்யூட்டர் நண்பன் ஒருவனிடம் புலம்பியபோது, "மெயிலுக்கும் ஒரு டேலி இருக்குடா. பார்க்கத்தான் லட்சணமா இருக்காது" என்றான்.

அதன் பெயர் மட்.

கறுப்புத் திரை, வரிசையாக எழுத்து. படம் கிடையாது, பட்டன் கிடையாது, விளம்பரம் கிடையாது. காசும் கிடையாது, இலவசம். 1995-ல் அமெரிக்காவில் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் எழுத ஆரம்பித்தது. 'மட்' என்றால் ஆங்கிலத்தில் கலப்பின நாய். எல்ம் போன்ற பழைய மெயில் புரோகிராம்களிடம் கொஞ்சம் கொஞ்சம் கடன் வாங்கி வளர்ந்த பிராணி என்பதால் பெயர்ப் பொருத்தம் பிரமாதம். தன் சரக்குக்கு எல்கின்ஸ் எழுதிய விளம்பரம் இன்னும் ஜோர்: எல்லா மெயில் புரோகிராமும் மட்டம்தான், இது கொஞ்சம் குறைச்சலாக மட்டம்! சோப்பு கம்பெனிக்காரர்கள் கவனிக்க.

கறுப்புத் திரை மெயில் நம் ஊருக்கும் புதிசில்லை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, செலவு குறைந்த ஷெல் கனெக்ஷன் வாங்கியவர்கள் எழுத்து மட்டும் தெரியும் திரையில்தான் மெயில் படித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'பைன்' என்ற புரோகிராம் அவர்களுடைய சிநேகிதன். உங்கள் ஆபீஸில் ஐம்பதைத் தாண்டிய கம்ப்யூட்டர் ஆசாமியிடம் பைன் என்று சொல்லிப் பாருங்கள். மோடம் போட்ட கூச்சலை வாயாலேயே பாடிக் காட்டுவார்.

பைன் பழங்கதையாகிவிட்டது. மட் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020-ல்கூட 2.0 பதிப்பு வந்தது. லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடும்.

அதன் உண்மையான ருசி மேக்ரோவில் இருக்கிறது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நீங்கள் வரிசையாகத் தட்டும் பல கீக்களை ஒரே கீயில் அடைத்து வைப்பதுதான் மேக்ரோ. பழைய வித்தை. 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த ஈமாக்ஸ் எடிட்டரின் பெயருக்குள்ளேயே மேக்ரோ ஒளிந்திருக்கிறது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3-லும் மேக்ரோ உண்டு. நமக்கு முந்தைய தலைமுறை அக்கவுன்டன்ட்டுகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

என் கணக்கைப் பாருங்கள். கரண்ட், போன், கேஸ், பத்திரிகைக்காரர்களின் ரசீது என்று மாதம் 40 கடிதமாவது வரும். எல்லாவற்றையும் 'பில்ஸ்' என்ற பெட்டிக்கு அனுப்ப வேண்டும். எஸ் தட்டினால், 'எந்தப் பெட்டி?' என்று மட் கேட்கும். ஸமக் குறியும் ஆங்கிலத்தில் 'பில்ஸ்' என்பதும் சேர்த்து ஆறு தட்டு. பிறகு என்டர். 'ஏற்கெனவே இருக்கிற பெட்டியில் சேர்க்கட்டுமா?' என்று பவ்யமாக இன்னொரு கேள்வி. அதற்கு ஒய். ஆகமொத்தம் ஒன்பது தட்டு. 40 கடிதத்துக்கு 360. மேக்ரோ போட்டபிறகு காபிடல் பி, ஒரே தட்டு. நிகர லாபம் மாதம் 320 தட்டு. அப்பா கட்டிய காலேஜ் ஃபீஸ் வீண்போகவில்லை!

மேக்ரோ போடுவது ஒரு வரி வேலை. மட்டுக்கென்று 'மட்ஆர்சி' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. அதில் முதலில் 'மேக்ரோ' என்ற சொல். அடுத்து, அது எந்தத் திரையில் பலிக்க வேண்டும்? கடிதப் பட்டியல் ஒரு திரை, கடிதத்தைப் படிப்பது வேறு திரை. பிறகு எந்தக் கீ. அப்புறம் தட்ட வேண்டியவற்றின் வரிசை. கடைசியில் இஷ்டமிருந்தால் ஒரு சின்ன விளக்கம். ஆறு மாதம் கழித்து, 'இந்தக் கீ என்னத்துக்குடா வைத்தோம்?' என்று முழிக்கும்போது, கேள்விக்குறியைத் தட்டினால் உதவிப் பட்டியலில் அந்த விளக்கம் தெரியும்.

சில எச்சரிக்கைகள். ஏற்கெனவே வேலையிலிருக்கும் கீயைப் பிடித்தால், அதன் பழைய வேலை போய்விடும். ஆளில்லாத கீயாகப் பார்த்துப் பிடியுங்கள். வரிசையில் வெறும் எஸ் என்று எழுதாமல், அந்த வேலைக்கு மட் வைத்திருக்கும் முழுப் பெயரை எழுதுங்கள். நாளைக்கு எஸ்ஸுக்கு வேறு உத்தியோகம் கொடுத்தாலும் மேக்ரோ பிசகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது: மேக்ரோ என்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு டைப் அடிக்கிற குமாஸ்தா. திரையில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கமாட்டான். எதிர்பாராத கேள்வி ஒன்று வந்து நின்றால், வரிசையில் அடுத்த எழுத்தையே பதிலாகத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நான் மாட்டினேன்.

நான் எழுதிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து தினமும் சுற்றறிக்கை வரும். கேன்டீன் லீவு, லிஃப்ட் ரிப்பேர், யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள். வெளியாளான எனக்கு எதற்கு? அந்த முகவரிக்கென்றே காபிடல் எக்ஸில் ஒரு மேக்ரோ போட்டேன்.

மட்டில் டி தட்டினால் கடிதம் உடனே செத்துவிடாது. பக்கத்தில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். மனசு மாறினால் யு தட்டிக் காப்பாற்றலாம். டாலர் குறியைத் தட்டும்போதுதான் காரியம் முடியும். அப்போதும், 'இத்தனை கடிதங்களை ஒழித்துவிடவா?' என்று ஒருமுறை கேட்கும். ஆக மூன்று மேஜை தாண்டித்தான் ஃபைல் குப்பைக்குப் போகும். நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே! அந்தக் கேள்வியே வராதபடி செட்டிங்கை மாற்றினேன். குறி போடுவதையும் ஒழிப்பதையும் எக்ஸிலேயே அடைத்தேன். போதாததற்கு, மெயிலையெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு சர்வரில் பிரதி வைக்காத ஏற்பாடு வேறு.

தினமும் காலையில் எக்ஸ். திரை பளிச்சென்று ஆகிவிடும். பரம சுகம்.

ஏப்ரல் பிறந்தது. வரவேண்டிய 18,000 ரூபாய் வரவில்லை. போன் போட்டேன்.

"உங்க பில்லுல பான் நம்பர் தப்பா இருக்குன்னு மார்ச் 11-ம் தேதியே மெயில் போட்டேனே சார், பார்க்கலையா?"

"வந்து... பார்த்தேன் மேடம்." பார்த்தது நானில்லை, எக்ஸ்.

"அப்புறம் ரெண்டு தடவை ரிமைண்டர் போட்டேன். பாவம், வெளியில இருந்து எழுதறவராச்சே, இயர் என்டிங்குக்குள்ள முடிச்சுக் குடுத்துடலாம்னு பார்த்தேன். இனிமே புது பில்தான் சார்."

பணம் ஜூனில் வந்தது. அதுவரை வீட்டு ஓனரம்மாவின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மார்ச் மாத நெருக்கடியில், முகம் தெரியாத எனக்காக ஒரு பெண்மணி மூன்று முறை உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார். மூன்றையும் நான் படிக்காமலே கொன்றிருக்கிறேன். புரோகிராம் பெயர்தான் மட். மட்டி நான்.

அன்று ராத்திரியே எக்ஸைத் திருத்தினேன். இப்போது அது எதையும் அழிப்பதில்லை. அந்த முகவரிக் கடிதங்களைத் தனிப் பெட்டி ஒன்றில் நகர்த்தி வைக்கும். கேள்வி கேட்கும் செட்டிங் பழையபடி வந்துவிட்டது. டாலர் குறி எந்த மேக்ரோவிலும் கிடையாது. அதை என் விரல்தான் தட்ட வேண்டும். இதையே திரும்பச் செய் என்பது கைக்குள்ள வேலை, அதை மேக்ரோவிடம் தாராளமாகக் கொடுக்கலாம். வேண்டுமா, வேண்டாமா என்பது தலைக்குள்ள வேலை. அதை எந்தக் கீயிலும் அடைக்காதீர்கள்.

சனிக்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பொறுமையாகப் படிக்கிறேன். போன வாரம் கேன்டீன் லீவுக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் நடுவே ஒரு வரி: "சார், இந்த பில்லுல தேதி போட மறந்துட்டீங்க."

உடனே பதில் எழுதினேன். மேக்ரோ இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக.