‘காட்டேஜ்’ யாருடைய வீடு? ஆங்கில, அமெரிக்க மாதிரி வீட்டு நூல்களில் ஒரு சொல்லின் பொருள்மாற்றம் (1781–1850)

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து, நாட்டுப்புற வீடுகளுக்கான மாதிரி நூல்கள் இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் தொடர்ந்து வெளிவந்தன. தரைப்படம், முகப்புப் படம், மரஞ்செடிகள் சூழ்ந்த தோற்றக்காட்சி, சிலவற்றில் செலவு மதிப்பீடு ஆகியன இவற்றில் இடம்பெற்றன. கட்டடக்கலை வரலாற்றில் இந்நூல்கள் பெரும்பாலும் பாணிகளின் தொகுப்பாகவே அணுகப்படுகின்றன. வீடு யாருக்காக வரையப்பட்டது, நூலை வாங்கியவர் யார் என்னும் இரு வினாக்களையும் சேர்த்து எழுப்பினால், ‘காட்டேஜ்’ என்னும் சொல் எழுபது ஆண்டுகளுக்குள் கைமாறிச் சென்ற வரலாறு புலப்படும்.

பாத் நகரின் ராயல் கிரெசென்ட் மாளிகை வரிசையை அமைத்த இளைய ஜான் வுட், 1781இல் உழைப்பாளர் குடில்களுக்கான வரைபடத் தொகுப்பை வெளியிட்டார். அச்சொல் அவரிடத்தில் கூலியுழைப்பாளரின் உறைவிடத்தை மட்டுமே குறித்தது. குடில்வாசியின் நிலையில் தம்மை வைத்து உணராமல் அவனுக்கு வீடு வரைய இயலாது என்று கருதிய வுட், குடில்களை நேரில் பார்வையிட்டார். ஈரமின்மை, கதகதப்பு, சிறு தோட்டநிலம், அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் உதவும்படி இணையிணையாகக் கட்டுதல் முதலிய விதிகளை வகுத்தார். உள்ளகலம் 12 அடியை மிஞ்சலாகாது என்பது அவற்றுள் கருதத்தக்கது. அதனினும் அகன்றால் எளிய கூரையின் கைமரங்கள் சுவர்களை வெளிப்புறம் தள்ளிவிடும் என்பதே காரணம். அழகியல் அன்று, கூரையின் பளுவும் மரத்தின் செலவுமே இங்கு அளவை முடிவு செய்தன. எனினும் நூலை வாங்கக்கூடியவர் நிலவுடைமையாளரே; குடியிருப்பவர் அதன் வாசகர் அல்லர்.

1798இல் வெளிவந்த ஜேம்ஸ் மால்ட்டனின் நூலில் நிலைமை மாறுகிறது. தற்செயலாய்த் தோன்றிய ஒரு கட்டுமுறையை நெறிப்படுத்தி நிலைநிறுத்தும் முயற்சி என்று அதன் துணைத்தலைப்பே அறிவிக்கிறது. வறுமையாலும் காலந்தோறும் செய்த ஒட்டுவேலையாலும் உண்டான ஒழுங்கின்மை, இனித் திட்டமிட்டு வரையப்பட வேண்டியதாயிற்று. வேய்ந்த கூரையும் முன்னும் பின்னுமாய் அமைந்த சுவர்களும் கனவான்களின் வீட்டுக்கும் உரியவையாயின. இம்மாற்றத்தில் அச்சுக்கலைக்கும் பங்குண்டு. ஜான் பிளா 1785இல் தம் நூலுக்குப் பயன்படுத்திய அக்வாடிண்ட் முறை, நீர்வண்ண ஓவியம் போன்ற நிழற்சாயலைத் தாளில் தந்தது. கோட்டுப்படம் சுவரைக் காட்டியது. இப்புதுமுறையோ சுவர்மேல் விழும் மாலை ஒளியையும் காட்டியது. வாங்குவோரை ஈர்த்தது எது என்பதை ஊகித்தல் கடினமன்று.

லௌடனின் கலைக்களஞ்சியம் (1833) ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. குடில், பண்ணைவீடு, வில்லா மூன்றையும் ஒரே நூலுக்குள் கொணர்ந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூயார்க் மாநிலத்து நாற்றங்கால் உரிமையாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங், ‘காட்டேஜ் ரெசிடென்சஸ்’ (1842), ‘தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் கன்ட்ரி ஹவுசஸ்’ (1850) ஆகிய நூல்களை எழுதினார். இரண்டாம் நூலில் அவர் தரும் வரையறை வெளிப்படையானது. குடும்பத்தினர் தாமே வீட்டுவேலையைச் செய்வதும், மிஞ்சினால் ஓரிரு பணியாளரைக் கொள்வதும் காட்டேஜ். குறைந்தது மூன்று பணியாளரேனும் தேவைப்படுவது வில்லா. கூரையோ தூணோ அன்று, ஏவலரின் எண்ணிக்கையே எல்லைக்கோடு! பாணி வேறுபாடுகளை மட்டும் அட்டவணைப்படுத்தும் ஆய்வுகள் இவ்வரையறையை எளிதில் கடந்துவிடுகின்றன. வுட்டின் குடிலில் பிறருக்காக உழைப்பவன் வாழ்ந்தான். டௌனிங்கின் காட்டேஜில் அவ்வீட்டின் உரிமையாளரே வாழலாம், அவருக்கும் ஒரு பணியாளர் இருக்கலாம்.

டௌனிங் பரிந்துரைத்த செங்குத்துப் பலகைச் சுவர், மரச்சட்டத்தின் நிமிர்ந்த கால்களைப் புறத்தே உணர்த்துவதால் உண்மையானது என்பது அவர் வாதம். கூரைமுகப்பில் மெல்லிய பலகையை அறுத்துத் தொங்கவிடும் மலிவான அலங்காரத்தை அவர் கண்டித்தார். எனினும் மாதிரி நூலைக் கையில் எடுத்த தச்சர் முழு வீட்டையும் நகலெடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பழகிய தரைப்படத்தின்மேல் புதிய முகப்பை மட்டும் ஒட்டவைப்பதும் இயல்பே. ஆகவே ஒரு நூலின் படத்தை அக்காலத்தில் வாழப்பட்ட வீட்டுக்குச் சான்றாகக் கொள்ளுமுன், எஞ்சியுள்ள வீடுகளின் உள்ளமைப்பையும் அங்கு வாழ்ந்தோர் பற்றிய குடிக்கணக்குப் பதிவுகளையும் அதனருகே வைத்து ஒப்பிடுதல் வேண்டும்.