குழுவாகப் பணிபுரியும் கலை

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். ஆயினும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவரும், ‘நிறுத்துங்கள்’ என்று தக்க நேரத்தில் குரல் கொடுப்பவரும் இல்லையென்றால் தேர் தெருமுனையில் திரும்பாது. வீட்டுச் சுவரில்தான் போய் மோதும். இழுக்கும் வலிமை மட்டும் போதாது. சொல்பவர் வேண்டும், சொன்னதைக் கேட்பவரும் வேண்டும். பணியிடத்தில் குழுவாக வேலை செய்வதன் அடிப்படையும் இதுவே.

பத்தாம் வகுப்பில் பயிலும் நாம் இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்குச் செல்லவிருக்கிறோம். சிலர் செவிலியராவோம், சிலர் ஆசிரியை, பொறியாளர், வங்கி அலுவலர் என்று பல துறைகளுக்குச் செல்வோம். எங்கு சென்றாலும் பலரோடு சேர்ந்துதான் பணிபுரிய வேண்டும். ஆனால் பள்ளியில் நாம் பெரும்பாலும் தனித்தே உழைக்கப் பழகுகிறோம். தேர்வு அறையில் அடுத்தவள் விடைத்தாளைப் பார்ப்பது குற்றம். பணியிடத்திலோ அடுத்தவர் செய்யும் வேலையைக் கவனித்துச் சரிபார்ப்பது கடமை! இந்த மாற்றத்திற்கு நம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக் கொள்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குழு என்பது யாது?

பேருந்து நிறுத்தத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். அது கூட்டம், குழு அன்று. குழுவிற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, அனைவருக்கும் பொதுவான ஒரே நோக்கம். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை என்ற தெளிவு. மூன்றாவது, தம் வேலையோடு பிறர் வேலையையும் ஓரளவு அறிந்து, தேவைப்படும்போது எச்சரிக்கவும் கைகொடுக்கவும் முன்வருதல். முதல் இரண்டும் எளிதில் அமைந்துவிடும். மூன்றாவதுதான் கடினம். அது இல்லாதபோது என்ன நேரும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

வானத்தில் கற்ற பாடம்

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். அமெரிக்காவில் 189 பேரை ஏற்றிக்கொண்டு யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் போர்ட்லண்ட் நகரை நெருங்கியது. தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது பெரும் ஓசை கேட்டது. சக்கரம் சரியாகப் பொருந்தியதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. தலைமை விமானி நீண்ட அனுபவம் பெற்றவர். சக்கரத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவும், பயணிகளை ஆயத்தப்படுத்தவும் விமானத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமிடச் செய்தார்.

அக்காலத்து விமானங்களில் தலைமை விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் என மூவர் பணிபுரிந்தனர். எரிபொருள் குறைந்துகொண்டே வருவதை மற்ற இருவரும் அறிந்திருந்தனர். அதுபற்றிப் பேசவும் செய்தனர். ஆனால் ‘உடனே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்’ என்று அவர்கள் அழுத்தமாகக் கூறவில்லை. தலைவரின் கருத்து முழுவதும் சக்கரத்திலேயே இருந்தது. முடிவில் எரிபொருள் தீர்ந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் நகரின் புறத்தே மரங்களிடையே விழுந்தது. 10 பேர் உயிரிழந்தனர். விமானப் பொறியாளரும் அவர்களுள் ஒருவர்.

அறிவிலோ திறமையிலோ அம்மூவருக்கும் குறைவில்லை. வேண்டிய செய்தியும் அந்தச் சிறிய அறைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அது தெரிந்தவரிடமிருந்து முடிவெடுப்பவரின் உள்ளத்திற்குப் போய்ச் சேரவில்லை. விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசு வாரியம் இரண்டு பயிற்சிகளை வலியுறுத்தியது. ஒன்று, மற்றவர் கருத்தையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கத் தலைமை விமானிகளுக்குப் பயிற்சி. மற்றொன்று, தயங்காமல் உறுதியாக எடுத்துரைக்க ஏனைய பணியாளர்களுக்குப் பயிற்சி. கேட்கக் கற்றல், சொல்லக் கற்றல் என்று இவற்றை நாம் சுருக்கிக் கூறலாம். 1981ஆம் ஆண்டில் அதே நிறுவனம் தன் விமானிகளுக்கு இத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது.

அப்பயிற்சியின் பலன் 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் தெரிந்தது. 296 பேருடன் பறந்துகொண்டிருந்த 232ஆம் எண் விமானத்தின் வால்பகுதி இயந்திரம் நடுவானில் வெடித்தது. விமானத்தைத் திருப்பவும் உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. இப்படி ஒரு நிலைக்கு எந்த விமானியும் பயிற்சி பெற்றதில்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் தாமே எல்லாம் அறிந்தவர் என்று எண்ணவில்லை. உடன் இருந்தவர்களிடம் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்னும் பயிற்சி விமானி உதவிக்கு வந்தபோது, அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் வேகத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானத்தை சூ சிட்டி நகர் வரை கொண்டுவந்தனர். தரையைத் தொட்டபோது விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். எவரும் பிழைத்திருக்க வழியில்லாத விபத்து அது. குழுவாக இயங்கக் கற்ற பயிற்சியே தங்களைக் காத்தது என்று ஹேன்ஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் கூறினார்.

அறுவை சிகிச்சை அறையில்

வானில் கற்ற பாடம் மருத்துவமனைக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவை சிகிச்சைக்கென 19 கேள்விகள் அடங்கிய ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன்பும், கத்தி வைக்கும் முன்பும், நோயாளியை அறையைவிட்டு வெளியே கொண்டுசெல்லும் முன்பும் அக்கேள்விகளை வாய்விட்டுக் கேட்க வேண்டும். நோயாளி இவர்தானா? செய்ய வேண்டிய சிகிச்சை எது? எந்தப் பக்கம்? மருந்து எதுவும் இவருக்கு ஒவ்வாததா? கருவிகளும் பஞ்சுத் துணிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா?

அப்பட்டியலில் நம்மை வியக்கவைக்கும் ஒன்று உண்டு. கத்தி வைப்பதற்கு முன், அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் பொறுப்பையும் சொல்ல வேண்டும். இது எதற்கு என்று தோன்றலாம். தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்து பெயரைச் சொன்னவருக்கு, பின்னர் ஆபத்தைக் கண்டபோது வாய் திறப்பது எளிதாகிறது. நம் வகுப்பிலும் இதைக் காணலாம். முதல் நாளே எழுந்து பேசிய மாணவி, பின்னர் ஐயம் கேட்கத் தயங்குவதில்லை.

புதுதில்லி உட்பட உலகின் 8 நகர மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து, அதன் பயனை 2009இல் வெளியிட்டனர். முன்பு நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்திருந்தது. புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ இல்லாமல், ஒருவரோடு ஒருவர் முறையாகப் பேசிச் சரிபார்த்ததனால் கிடைத்த பயன் இது.

பஞ்சுத் துணிகளை எண்ணுவது செவிலியின் பொறுப்பு. ‘எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, டாக்டர்’ என்று அவர் சொன்னால், எத்தனை புகழ்பெற்ற மருத்துவராயினும் தையலை நிறுத்தித் தேட வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் அஞ்சினால், நோயாளியின் வயிற்றுக்குள் துணி தங்கிவிடக்கூடும். நம்மில் எத்தனை பேர் நாளை அவ்விடத்தில் நிற்கப் போகிறோமோ!

அடக்கமும் மௌனமும் ஒன்றா?

‘பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே’ என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் கற்றிருக்கிறோம். இது நல்ல பழக்கமே. குறிப்பாகப் பெண் பிள்ளைகளாகிய நமக்கு அடக்கம் அணிகலன் என்று கூறப்படுகிறது. ஆனால் அடக்கம் வேறு, மௌனம் வேறு. பெரியவரை எதிர்த்துப் பேசுவது வேறு; அவர் கவனிக்காத ஒன்றை அவருக்குத் தெரிவிப்பது வேறு. முன்னது செருக்கு. பின்னது உதவி.

இது மேலைநாட்டாரின் புதுக் கருத்தும் அன்று. தவறு கண்டபோது இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான் என்ற கருத்தை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அரசனுக்கே அத்தகைய துணை தேவையென்றால், மற்றவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

எப்படிச் சொல்வது? விமானிகளுக்கும் செவிலியருக்கும் கற்பிக்கும் முறை எளியது. முதலில், முடிவெடுப்பவரைப் பெயரிட்டோ பதவியிட்டோ அழைக்க வேண்டும். அடுத்து, கண்டதை உள்ளபடி கூற வேண்டும். பின்னர் நம் கவலையைக் கூறி, செய்யத்தக்கதையும் கூற வேண்டும். ‘டாக்டர், நோயாளியின் சீட்டில் பெனிசிலின் ஒவ்வாது என்று எழுதியிருக்கிறது. இந்த ஊசி ஆபத்தாகுமோ என்று அஞ்சுகிறேன். போடுமுன் ஒருமுறை பார்த்துவிடலாமா?’ இதில் மரியாதைக்குக் குறைவில்லை; தெளிவுக்கும் குறைவில்லை. ‘நீங்கள் தவறு செய்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டும் இல்லை. முதன்முறை சொன்னது காதில் விழவில்லையென்றால், மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும். ‘நான்தான் சொல்லிவிட்டேனே’ என்று ஒதுங்கிக்கொள்வது குழுப்பணி ஆகாது.

எப்படிக் கேட்பது? கேட்டதைத் திருப்பிச் சொல்வதே சிறந்த வழி. விமானி, தரையிலிருந்து வரும் கட்டளையைத் திருப்பிச் சொல்கிறார். செவிலியும் மருத்துவர் வாயால் சொல்லும் மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிறார். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னது ‘ஃபிஃப்டி’ என்று காதில் விழுந்தால், பதினைந்து ஐம்பதாகிவிடும் அன்றோ! திருப்பிச் சொன்னால் அத்தவறு அங்கேயே பிடிபடும்.

தலைமையின் பங்கு

சொல்பவருக்குத் துணிவு வேண்டுமென்றால், தலைவர் மீது நம்பிக்கை வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் முதல் எஸ்.எல்.வி.3 ஏவுகலம் விண்ணில் ஏவப்பட்டது; ஆனால் செயற்கைக்கோளை நிலைநிறுத்தாமல் கடலில் விழுந்தது. திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். ஆயினும் செய்தியாளர் முன் சென்றவர் இஸ்ரோவின் தலைவரான சதீஷ் தவான். பொறுப்பைத் தாமே ஏற்று, தம் குழுவினர் மீண்டும் முயன்று வெற்றி பெறுவர் என்று கூறினார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அடுத்த ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தி வெற்றி கண்டது. அன்று தவான், செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார்.

தோல்வி தலைவருக்கு; வெற்றி குழுவிற்கு! இப்பாடத்தைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மாணவரிடம் கூறிவந்தார். தலைவர் தம்மைக் கைவிடமாட்டார் என்று அறிந்தவர்களே உண்மையை மறைக்காமல் சொல்வார்கள்.

இன்றே தொடங்குவோம்

இருபத்தைந்து வயதில், நள்ளிரவில், மூத்த மருத்துவர் முன் நின்று ‘சற்றுப் பொறுங்கள், டாக்டர்’ என்று சொல்லும் துணிவு திடீரென்று வந்துவிடாது. அதற்கு இப்போதே பழக வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் இருவராகச் சோதனை செய்யும்போது, ஒருத்தி அமிலப் புட்டியின் பெயரை உரக்கப் படிக்கட்டும். மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லட்டும். கலைவிழாவுக்கு ஆயத்தமாகும்போது யாருக்கு எந்தப் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்வோம். குழுவில் அதிகம் பேசாத தோழியிடம், ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்போம். ஒருவேளை அவள் மட்டுமே கண்ட ஒன்று இருக்கலாம்.

பெற்றோருக்கும், ஆசிரியைகளுக்கும், அருட்சகோதரிகளுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். நாங்கள் ‘ஒரு சந்தேகம், சிஸ்டர்’ என்று எழும்போது, ‘அது அப்படி இல்லையே, அப்பா’ என்று தயங்கிச் சொல்லும்போது, அதை எதிர்ப்பேச்சு என்று எண்ணாமல் முழுவதும் கேளுங்கள். எங்கள் கருத்து தவறாகவும் இருக்கலாம். அப்போது திருத்துங்கள், வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இன்று இங்கே நாங்கள் பெறும் பழக்கம், என்றோ ஒருநாள் எங்கோ ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

அன்புத் தோழியரே! பணிவோடு சொல்லப் பழகுவோம். பொறுமையோடு கேட்கப் பழகுவோம். இவ்விரண்டையும் கற்றவர் எந்தப் பணியிடத்திற்குச் சென்றாலும் அங்குள்ளோர்க்கு நல்ல துணையாவர் என்பது திண்ணம்.

– பத்தாம் வகுப்பு மாணவி