பூட்டிய அறை, கையில் ஒரு மவுஸ்

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய புதிர் விளையாட்டுகளுக்காக இன்றும் ஏங்குகிறது ஒரு தலைமுறை. அவற்றில் சில புதிர்கள் நம் ஊர்க்காரர்களுக்கு விளங்காமலே போனதற்குக் காரணம் உண்டு.

திருப்பூணித்துறை ஹில் பேலஸ், கொச்சி ராஜ வம்சத்தினர் 1865ல் கட்டியது. 49 கட்டடங்கள். 1986 முதல் அருங்காட்சியகம். கிரீடம், நாணயங்கள் எல்லாம் உண்டு. ஆனால் தமிழ் ரசிகர்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்த ஒரே தகவல் போதும்: சந்திரமுகியின் மூலப்படமான மணிச்சித்ரத்தாழின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. பெரிய வீடு. பூட்டிய ஓர் அறை. திறக்காதே என்கிறார்கள் எல்லோரும். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கோ திறந்தே ஆகவேண்டும். ஃபாசிலின் இந்தப் படம் வெளியானது 1993 டிசம்பரில்.

மூன்று மாதங்கள் முன்பு, செப்டம்பரில், மனிதனின் இதே அரிப்பை நம்பி அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு சரக்கு வந்து சேர்ந்தது. மிஸ்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளரவமற்ற தீவு, மூடிய கதவுகள், புரியாத இயந்திரங்கள். சுட ஆளில்லை, துரத்த எதிரியில்லை. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களைக் கோத்து உருவாக்கியது இது. விற்ற பிரதிகள் 60 லட்சத்துக்கும் மேல்.

'பாயின்ட் அண்ட் கிளிக்' என்று இந்த வகைக்குப் பெயர். திரையில் ஒரு பொருளைச் சுட்டி மவுஸைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். மேஜைமேல் கயிறு கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எதற்கு என்பது பிறகு தெரியவரும்.

1980ல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் உருவாக்கிய மிஸ்டரி ஹவுஸில் மவுஸ் கிடையாது. கதவைத் திற, விளக்கை எடு என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். இந்தச் சள்ளையை ஒழித்தவர்களில் முக்கியமானவர் ரான் கில்பர்ட். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக கேரி வின்னிக்குடன் சேர்ந்து அவர் 1987ல் தந்த மேனியாக் மேன்ஷனில் எடு, கொடு, திற போன்ற வினைச்சொற்கள் திரையிலேயே இருந்தன. அர்த்தமில்லாமல் ஆட்டக்காரரைச் சாகடிக்கக் கூடாது என்று 1989ல் ஒரு கட்டுரையே எழுதினார் கில்பர்ட். மறு ஆண்டு வந்த அவரது சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டில் கதாநாயகன் சாக ஒரே வழிதான்: தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அதுவும் ஜோக்தான். வாள் சண்டையில் அங்கே ஜெயிப்பது வாளால் அல்ல, எதிராளியின் வசவுக்குப் பொருத்தமான பதில் வசவால். லாவணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இவை வந்த வழி அவ்வளவு கௌரவமானதல்ல. கைமாறிக் கைமாறி வந்த ஃப்ளாப்பிகள்; பெட்டியும் கையேடும் இல்லாத நகல்கள். அப்பாவின் அலுவலகத்திலோ, வசதியான நண்பனின் வீட்டிலோ விளையாடியவர்கள்தான் அதிகம். மாட்டிக்கொண்டால் கதி? பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்ததே 1995 ஆகஸ்ட் 15ல்தான். அமெரிக்காவில் காசு கட்டி விடை கேட்கும் தொலைபேசி எண்களை நிறுவனங்கள் நடத்தின. மங்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தில் கதாநாயகனே நடுக்காட்டிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் புலம்ப முடியும். இங்கிருந்து ஐஎஸ்டி போட்டுக் கேட்பதற்கு எந்த வீட்டில் அனுமதிப்பார்கள்?

ஆகவே மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான், வாரக்கணக்கில். பஸ்ஸில் போகும்போதோ, குளிக்கும்போதோ திடீரென்று விடை பளிச்சிடும். பழைய ரசிகர்கள் இன்று ஏங்குவது படங்களுக்காகவோ இசைக்காகவோ மட்டுமல்ல, முக்கியமாக அந்த வாரங்களுக்காக. விடை பத்து விநாடியில் கைக்கு வந்துவிடும் காலத்தில் அவற்றைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

ஆனால் மாட்டிக்கொண்டதெல்லாம் ஆட்டக்காரரின் மந்த புத்தியால் அல்ல. 1991ல் வந்த அதே இரண்டாம் பாகத்தில் ஓர் அருவியை நிறுத்த வேண்டும். பம்ப்பின் திருகை மூட ஸ்பேனர் தேவை. விடை: மதுக்கடையில் பியானோ வாசிக்கும் ஒரு குரங்கை மயக்கித் தூக்கி வந்து அதையே ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும்! ஒருவகை ஸ்பேனருக்கு அமெரிக்காவில் 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அந்தப் பெயரே காதில் விழாத கோவைக்காரர் எத்தனை வாரம் குளித்தாலும் விடை பளிச்சிட்டிருக்காது. புதிர் கேட்டது மூளையை அல்ல, இன்னொரு நாட்டின் பட்டறைப் பேச்சை.

அமெரிக்கர்களுக்கே பொறுமை போன இடமும் உண்டு. 1999ல் வந்த கேப்ரியல் நைட் மூன்றாம் பாகத்தில், மீசையே இல்லாத ஒருவரைப் போல வேஷம் போட, பூனை முடியைப் பாகு தடவி ஒட்டி மீசை செய்ய வேண்டும். இந்த வகையைக் கொன்றது இந்த மீசைதான் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. முப்பரிமாணத் துப்பாக்கி விளையாட்டுகளின் மோகமும் முக்கியக் காரணம். 1998ல் விமர்சகர்கள் கொண்டாடிய கிரிம் ஃபாண்டாங்கோ கடைகளில் தூங்கியது. 2000க்குப் பிறகு லூகாஸ் நிறுவனத்திலிருந்து புதிதாக ஒன்றுகூட வரவில்லை.

காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். 2001ல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற இலவச ஸாஃப்ட்வேர் பழைய விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓட வைக்கிறது. அதற்கு நிரல் எழுதிய தன்னார்வலர்களில் இந்திய மாணவர்களும் உண்டு. 2012ல் கிரிம் ஃபாண்டாங்கோவின் படைப்பாளி டிம் ஷேஃபர் புதிய விளையாட்டுக்காக ரசிகர்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டார். கிடைத்தது 33 லட்சம். கில்பர்ட்டும் 2022ல் மங்கி ஐலண்டுக்குத் திரும்பினார்.

இருந்தாலும் கணக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை. மணிச்சித்ரத்தாழ் 2024 ஆகஸ்டில் 4கே பொலிவுடன் மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இந்த யோகம் அபூர்வம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023ல் அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கண்டறிந்தது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் வலுவிழக்கிறது. நிறுவனங்கள் கைமாறியதில் சிலவற்றுக்கு உரிமையாளர் யார் என்பதே சிக்கல். பெனீத் எ ஸ்டீல் ஸ்கையை 2003ல் இலவசமாகவே கொடுத்துவிட்ட ரெவல்யூஷன் நிறுவனத்தைப் போன்ற தாராள மனது எல்லோருக்கும் இல்லை. திருப்பூணித்துறை அரண்மனை வளாகத்தின் மரபு ஆய்வு மையம் தொல்பொருள் காப்பதைக் கற்பித்திருக்கிறது. ஃப்ளாப்பியை அந்தப் பட்டியலில் சேர்க்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பழைய பாணியிலேயே, ஆனால் தலைகீழாக, ஒரு பதிலடி 2023 ஜூலையில் டொரன்டோவிலிருந்து வந்தது. விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் கதை. அவளிடம் இருப்பது அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு. எழுத்துகள் கலைந்து, பக்கங்கள் கிழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். மவுஸால் பாத்திரத்தை இழுத்து வைக்க வேண்டும். மகன் வளர வளர அம்மா பேசும் தமிழும் அவனுக்கு அந்த நோட்டைப் போலவே அரைகுறையாகிறது. விளையாட்டில் கண் கலங்குவது இந்த இடத்தில்தான். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024ல் முதல் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது.

முதல் புதிர் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று மாட்டிக்கொண்டவர்களுக்காக ஆங்கிலத்தில் படத்துடன் வழிகாட்டிகள் வந்துவிட்டன. நம் ஊர்ப் பாட்டி எவரும் இதற்காக ஒரு வாரம் யோசிக்க வேண்டியிருக்காது. புட்டுக்கும் ஒரு புதிர் உண்டு. அதற்கு விடை தேட திருப்பூணித்துறைக்காரர்கள் எந்த எண்ணுக்கும் போன் செய்ய மாட்டார்கள்.