'ஜப்பான் ஒரிஜினல்' படும் பாடு

ஜப்பான் வண்டி நமது ஊத்தங்கரைக்குப் புதிதல்ல. 1984-ல் ஓசூரில் இன்ட்-சுசுகி தயாரானது முதல் நம் கடைச் சரக்கைச் சுமந்தவை அவைதாம். 2001-ல் சுசுகி, டி.வி.எஸ்.ஸை விட்டுப் பிரிந்தது.

இளைஞர்களின் மோகமோ 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மீது. இதில் இரண்டு கட்சி. தொடக்க கால வண்டிகளுக்குப் பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. அந்த முத்திரை உள்ளதே அசல், பெயிண்ட்கூட மாறலாகாது என்பது ஒன்று. சைலன்சர் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, ஓட்டுபவர் ருசிக்கு ஆக்குவதே அழகு என்பது மற்றொன்று. முதல் கட்சியின் பிடிவாதம் நமக்குச் சற்று மிகையாகவே படுகிறது. மூட்டைக்காகக் கேரியர் வெல்டிங் வைத்த நம் வண்டி என்றைக்கு அசலாக இருந்தது?

ஆனால் ருசி வேறு, பில் வேறு. உதிரி பாகம் விற்கும் அங்கத்தினர்கள், டப்பாவில் 'ஜப்பான்' என்று இருப்பதை நம்பிப் பில்லில் 'ஒரிஜினல்' என எழுதிவிட வேண்டாம். போலி வணிகக் குறியுள்ள சரக்கை விற்றால், 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் விற்றவர், தக்க எச்சரிக்கையுடன் இருந்ததை நிரூபிக்க வேண்டும்; சரக்கு தந்தவர் யார் என்பதையும் கேட்டால் சொல்ல வேண்டும். கொள்முதல் பில் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது?