வசூலும் தரமும்

அமெரிக்காவிலே பெரிய திரைப்படம் ஒன்று வெள்ளிக்கிழமை வெளியாகுமாயின், ஞாயிற்றுக்கிழமையன்றே ஓர் எண் உலகெங்கும் பரவிவிடும். முதல் மூன்று நாட்களிலும் விற்கப்பட்ட நுழைவுச்சீட்டுக்களின் தொகையைப் பற்றிய மதிப்பீடே அவ்வெண். ஒரு காலத்திலே படமுதலாளிகளும் விநியோகத்தருமே அதனைக் கருத்தூன்றி நோக்கினர். இன்றோ, படம் பார்த்து வீடு திரும்பிய மாணவனும் அதனை மனப்பாடமாகச் சொல்கின்றான். எண் பெரிதாயின் தன் கட்சி வென்றதென மகிழ்கின்றான். சிறிதாயின் தன்னையே யாரோ இகழ்ந்துவிட்டதுபோல வருந்துகின்றான். படத்தின் தரமும் அதன் வசூலும் அவன் மனத்திலே ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டிலும் பேட்மேன் 1939ஆம் ஆண்டிலும் சித்திரக்கதை ஏடுகளிலே பிறந்த வீரர்கள். ஒருவன் பறப்பவன், மற்றவன் இருளிலே திரிபவன். இவ்விருவரும் ஒருவரோடொருவர் பொருதும் படமொன்றை வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் 2016 மார்ச் 25ஆம் திகதி வெளியிட்டனர். நெறியாளர் ஸாக் ஸ்னைடர். தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 25 கோடி டொலர். உலக வசூலோ 87 கோடி டொலரை எட்டியது. இருந்தும், திரைத்தொழிலார் அதனை ஏமாற்றம் என்றே கூறினர். இரசிகர் பலருக்கு இது புரியவில்லை. 87இலிருந்து 25ஐக் கழித்தால் 62 கோடி இலாபமன்றோ என்று கேட்டனர்.

கழித்தற் கணக்கு சரியே. கழிக்கப்பட்ட எண்கள்தாம் சரியானவை அல்ல. நுழைவுச்சீட்டின் விலை முழுவதும் படமெடுத்தவர் கையிலே சேர்வதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதியைப் படமாளிகைக்காரர் எடுத்துக்கொள்வர். பிற நாடுகளில் நிறுவனத்தின் பங்கு இன்னுங் குறையும். சீனாவிலே அது காற்பங்கு மாத்திரமே. ஆகவே 87 கோடி என்பது நிறுவனத்தின் வாயிலை அடைவதற்குள் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. அதிலிருந்து தயாரிப்புச் செலவையும், விளம்பரச் செலவையும், நட்சத்திரங்களுக்கு உடன்படிக்கைப்படி சேரவேண்டிய பங்கையும் கழித்தல் வேண்டும். பின்னர் தொலைக்காட்சி உரிமை, வீட்டுப்பாவனைக்கான இறுவட்டு முதலியவற்றின் வருவாயைக் கூட்டல் வேண்டும். இவ்வாறெல்லாம் கூட்டிக் கழித்த திரைத்தொழிற் பத்திரிகை ஒன்று, அப்படத்தின் இலாபம் 10 கோடி டொலரையொட்டியது என மதிப்பிட்டது. அது நட்டமன்று. ஆனால், போட்டி நிறுவனமாகிய மார்வெலின் அதிமானிட வீரர்கள் ஒன்றுகூடிய 2012ஆம் ஆண்டுப் படம் 150 கோடிக்கு மேல் வசூலித்திருந்தது. அதனோடு வைத்து எண்ணியவர்களுக்கு இந்த இலாபம் சிறிதாகவே தோன்றிற்று.

இனி, தரம் எங்கே கணக்கிற் புகுகிறது? முதல் வாரத்திலே அது புகுவதில்லை. முதல் மூன்று நாட்களிலும் திரள்வோர் படத்தைக் கண்டறிந்து வருவோரல்லர். வீரனின் பெயருக்காகவும் விளம்பரத்துக்காகவும் வருவோர். படம் நன்றோ தீதோ, அவர்கள் சீட்டு வாங்கிவிட்டனர். தரத்துக்குரிய தீர்ப்பு இரண்டாம் வாரத்திலேயே கிடைக்கிறது. முதல் வாரம் பார்த்தவர் அயலாரிடம் சொல்லிய சொல்லே இரண்டாம் வாரத்துச் சீட்டு. பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களிலே 16 கோடி 60 இலட்சம் டொலர் திரட்டியது. அடுத்த வார இறுதியில் 5 கோடி 10 இலட்சமாக, அதாவது 69 வீதம் வீழ்ந்தது. முடிவிலே அந்நாட்டில் அது பெற்றது 33 கோடி: தொடக்கத்தின் இருமடங்கு. அதே நிறுவனம் 2017 ஜூனில் வெளியிட்ட 'வொண்டர் வுமன்' என்னும் படமோ 10 கோடியே 30 இலட்சத்தோடு அடக்கமாகத் தொடங்கி, அந்நாட்டில் 41 கோடியை எட்டியது: நான்கு மடங்கு. பற்றி ஜென்கின்ஸ் அம்மையார் நெறிப்படுத்திய அப்படத்தைப் பார்த்தவர்கள் பிறரையும் அழைத்து வந்தனர். தாமும் மறுபடி வந்தனர். ஓர் எண் தரத்தைப் பற்றி ஏதேனும் பேசுமாயின், இம்மடங்கே பேசும்.

இரசிகர்களிற் சிலர் இதனை ஏற்றாரல்லர். 2016 ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் 'சூசைட் ஸ்குவாட்' என்ற படத்தை விமரிசகர் கடிந்தபோது, விமரிசகரின் தீர்ப்புக்களைத் தொகுத்து நூற்றுவீதமாக அறிவிக்கும் 'றொட்டன் தொமேட்டோஸ்' என்ற தளத்தையே மூடிவிடல் வேண்டும் என்று 20,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டனர். விமரிசகரைப் போட்டி நிறுவனத்தார் விலைக்கு வாங்கிவிட்டனர் என்பது அக்காலத்து வதந்திகளில் ஒன்று. வேடிக்கை என்னவெனில், அத்தளத்திலே ஒரு பங்கு வார்னர் நிறுவனத்துக்கே உரியதாயிருந்தது! அப்படம் 74 கோடிக்கு மேல் வசூலித்ததோடு, ஒப்பனைக்காக ஒஸ்கார் பரிசையும் பெற்றது. படம் கதையிலே குறையுடையதாயும், ஒப்பனையிலே சிறந்ததாயும், வசூலிலே பெரியதாயும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதைக் கட்சிகட்டி நின்றோர் காணமாட்டாதவராயினர்.

ஏமாற்றத்தின் விலையை ஏமாற்றிய படம் முழுவதும் செலுத்துவதில்லை. பெரும்பகுதி அடுத்த படத்தின் பற்றிலேயே எழுதப்படுகிறது. 2017 நவம்பரிலே 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன் உட்பட அறுவர் கூடிய படம். செலவு ஏறத்தாழ 30 கோடி. அதன் தொடக்க வசூலோ 9 கோடி 38 இலட்சம். வொண்டர் வுமன் தனித்து வந்தபோது திரட்டியதை அறுவர் கூடியும் திரட்டமுடியவில்லை. உலக வசூல் 65 கோடியோடு நின்றது. படம் நட்டத்தில் முடிந்ததென்றே மதிப்பிடப்பட்டது.

அப்படத்தின் பின்னே துயரமொன்று இருந்தது. மகளை இழந்த ஸ்னைடர் 2017 மே மாதத்தில் பணியினின்றும் விலகினார். ஜொஸ் வீடன் என்பவர் பல காட்சிகளை மீண்டும் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் படத்தை அடக்கினார். சூப்பர்மேனாக நடித்தவர் அவ்வேளை வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தமையால், அம்மீசையைக் கணினியாலே அழிக்கவேண்டியதாயிற்று; உதட்டின் கோணல் எவர் கண்ணுக்கும் தப்பவில்லை. ஸ்னைடர் எடுத்த வடிவத்தையே வெளியிடுக என இரசிகர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிளர்ச்சி செய்தனர். அவர்களுள் ஒரு சாரார் நிறுவன அலுவலரை இழிமொழிகளால் ஏசியதுண்டு. மற்றொரு சாரார் தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் அமெரிக்க அறநிலையம் ஒன்றுக்கு இலட்சக்கணக்கான டொலர் திரட்டி வழங்கினர். ஓர் இரசிகர் கூட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே பேசுதல் நேர்மை. மேலும் ஏறத்தாழ 7 கோடி டொலர் செலவிடப்பட்டு, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அவ்வடிவம் 2021 மார்ச் 18ஆம் திகதி சந்தாதாரருக்கான ஒளிபரப்பிலே வெளியாயிற்று. விமரிசகரிற் பெரும்பாலோர் அது முன்னையதினும் மேலானதென எழுதினர். அமெரிக்காவில் அது படமாளிகைகளுக்கு வராமையால் ஞாயிற்றுக்கிழமை எண்ணும் வரவில்லை.

எண்ணின் மயக்கம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2025 ஜூலையிலே ஜேம்ஸ் கன் நெறிப்படுத்திய புதிய 'சூப்பர்மேன்' வெளியானபோது, ஸ்னைடரின் 2013ஆம் ஆண்டுச் சூப்பர்மேன் படத்தோடு இரசிகர் அதனை ஒப்பிடலாயினர். உலக வசூலைக் காட்டியவர் 66 கோடிக்கு மேற்பட்ட பழைய படமே 61 கோடி பெற்ற புதியதை வென்றதென்றனர். அமெரிக்க வசூலைக் காட்டியவர் 35 கோடி பெற்ற புதிய படமே 29 கோடி பெற்ற பழையதை வென்றதென்றனர். நிறுவனத்தின் கைக்கு எந்நாட்டுச் சீட்டிலே எவ்வளவு சேரும் என்பதை இரு சாராரும் கணக்கிற் கொண்டிலர்.